நாளைக்குத் தூர்க்கப்போற கெணறு

— சொல்லமாட்டேன் நைனா. நாளைக்கு ஊர்க்கூட்டத்துல மட்டும் இல்ல, எங்க நிக்கவெச்சுக் கேட்டாலும் சொல்லமாட்டேன்.

— இன்னா வல்லி, ஒரு வார்த்தைதானே தாயே? வாந்திபேதி சேரிக் கெணத்துலேர்ந்துதான் வந்துச்சுன்னு டாக்டரம்மா நீ சொன்னாப் போதும். நாளைக்கே அதைத் தூர்த்துடுவோம். ஊருக்கும் பயம் தெளியும்.

— தூர்த்துட்டா அந்த ஜனம் தண்ணிக்கு எங்க போவும்?

— ஏரி கீதே.

— ஏரியில உன் எருமைங்க பொரண்டுகினு கீதுங்க.

— என் எருமைய வம்புக்கு இழுக்காதே. பொம்பளப் புள்ளைய டாக்டருக்குப் படிக்க வெக்கிறேன்னு ஆவடி மொத்தமும் சிரிச்சுது. நான் மீசையத் தடவிகினு நின்னேன். சரி, படிச்சே. வந்து ஊசி போட வேண்டியதுதானே? கல்கத்தாவுல மேல்படிப்பாம். ஏழை எப்டி வாழறான், எதனால சாவறான், இன்னா தண்ணி குடிக்கிறான், எங்க வெளிக்குப் போறான். இதுக்கெல்லாம் ஒரு படிப்பா? நம்ம மாட்டுக்காரனைக் கேட்டா சொல்லுவானே.

— கேட்டா சொல்லுவான். கேக்கறதுக்குத்தான் நைனா படிப்பு.

— வாய் மட்டும் ரயிலாட்டம் ஓடுது.

— ஊடு ஊடாப் போயி கேட்டேன். செத்தவங்க எல்லாரும் கோயில் கெணத்துத் தண்ணி குடிச்சவங்க. திருவிழாவுக்கு வந்த ஜனம் அந்தக் கெணத்து மேடையிலதான் நோயாளித் துணிய அலசுச்சு. அழுக்குத் தண்ணி உள்ளயே வழிஞ்சுது. கொதிக்கவெச்சுக் குடிங்கன்னு கெஞ்சினேன். வெறகு உங்கப்பன் குடுக்கறானான்னு கேட்டாங்க.

— அப்போ கன்னியப்பன்? சேரிக்காரன்தானே? அவன் செத்ததுக்கு இன்னா சொல்றே?

— நம்ம களத்துல நெல்லு அடிச்சவன். தாகம்னு வந்து நின்னான். நீதான் எட்ட நின்னு தூக்கி ஊத்தினே, அவன் கையேந்திக் குடிச்சான். அது எந்தக் கெணத்துத் தண்ணி நைனா?

— அதெல்லாம் உடு. தொண்டை காஞ்சு போச்சு. அந்த மோரைக் குடு.

— இந்தா.

— சுகாதார இன்ஸ்பெக்டர் கோயில் கெணத்துல செவப்பு மருந்து கொட்டறேன்னான். தண்ணி நெறம் மாறிட்டா சாமிக்கு எதால அபிஷேகம் பண்றது? நான்தான் குறுக்க போயி படுத்தேன். தெரியுமில்ல?

— தெரியும். நீ படுத்தே, எழுந்து வந்துட்டே. அப்புறம் வடிவு அத்தை படுத்துச்சு. எழுந்திருக்கல.

— என் கூடப்பொறந்தவளைப் பத்திப் பேசாதே.

— இதே கூடத்துல என் மடியில செத்துச்சு. பேசத்தான் பேசுவேன்.

— கடைசியா சொல்றேன். நாளைக்கு நான் சொல்றத நீ சொல்லலன்னா கல்கத்தாவும் இல்ல, படிப்பும் இல்ல. நெமிலிச்சேரியிலேர்ந்து பொண்ணு கேட்டுகினு கீறாங்க.

— படிப்பு போனா போவட்டும். நாளைக்கு அந்தக் கெணத்து மேலதான் ஒக்காந்துகினு இருப்பேன். மண்ணு கொட்டறவன் என் தலையில கொட்டட்டும்.

— சேரிக் கெணத்து மேலயா? உங்கம்மா காதுல உழுந்தா அங்கயே சுருண்டுடுவா. சேரிப் பக்கம் காத்தடிச்சாலே தல முழுகறவ. ஊரே வாந்தியெடுக்குது, வடிவுக்கு அப்புறம் நாம மட்டும் ஏன் கல்லாட்டம் கீறோம்? எல்லாம் அவளோட ஆசாரம். கோயில் தண்ணியத் தவிர வேற தண்ணி இந்த ஊட்டுப் படியேறாது.

— இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?

— ஊத்து. மோர் நல்லாத்தான் கீது. வடிவு போனதுலேர்ந்து ருசியே மாறிக் கீது.

— தண்ணி மாறிக் கீது நைனா.

— இன்னா சொல்றே?

— அத்தையைத் தூக்கின மறுநாள்லேர்ந்து இந்த ஊட்டுல சேரிக் கெணத்துத் தண்ணிதான். சோத்துக்கு, மோருக்கு, உன் பூஜைக்கு.

— அடிப்பாவி. என் ஊட்டுக்குள்ள அதைத் தூக்கியாந்தியா நீ?

— நான் இல்ல, அம்மா. விடியறதுக்கு முன்ன போயி கொடத்த ஏந்திகினு நிக்குது. கன்னியப்பன் பொஞ்சாதிதான் எட்ட நின்னு தூக்கி ஊத்தறா.