நேராக நிறுத்தி எடுத்த அளவு

அவைக்குத் தலைமையேற்று, இந்தக் கிழவி எப்போது முடிப்பாளோ என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் மீட்புக் குழுத் தலைவர் அவர்களே! யாரோ பெற்ற பிள்ளைக்காகத் தங்கள் உயிரைத் தண்ணீரில் தூக்கிப்போடும் தீரர்களே! அவர்கள் திரும்பும்வரை கதவைச் சாத்தாமல் காத்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் முதுகு நிமிர்த்தி அமர்ந்திருக்கும் என் வயதுப் பெரியவர்களே! நான் வாயைத் திறக்குமுன்பே கைதட்டிவிட்ட பின்வரிசைப் பிள்ளைகளே! ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடைகொடுத்தவளின் வணக்கம், உங்கள் அத்தனை பேருக்கும்.

மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டீர்கள். இனி என் பேரப்பிள்ளைகளின் பெருமையைக் கேட்காமல் ஒருவரும் வீடு போக முடியாது. மூத்த பேரன் பல் மருத்துவன். அழுகிற குழந்தையைச் சிரிக்கவைத்தே பல்லைப் பிடுங்குவான். அடுத்தவள் கணக்கு ஆசிரியை. சென்ற ஆண்டு அவள் வகுப்பில் ஒருவரும் தவறவில்லை. கடைக்குட்டிக்கு நீச்சலில் மூன்று தங்கம். அந்தப் பதக்கங்கள் தொங்கும் ஆணி என் கட்டிலுக்கு நேர் எதிரே இருக்கிறது. என்ன? நடுவில் ஒருத்தியை விட்டுவிட்டேனா? பொறு தம்பி, நல்லதைப் பெட்டிக்கு அடியில்தானே வைப்போம்!

அந்த நடுவுள்ளவளுக்குத்தான் இன்று நீங்கள் விருது கொடுக்கிறீர்கள். கடையில் கிடைக்காத பாகத்தைக் கணினியில் வரைவாள், லேத்தில் கடைவாள், அரத்தால் அராவுவாள். வாட்டர் ஸ்கூட்டருக்குப் பாகம் செய்கிறாள். "அப்படின்னா என்னடி?" என்று கேட்டேன். "தண்ணியில ஓடுற மோட்டார் சைக்கிள், பாட்டி" என்றாள். அவள் வென்ற நாள்களைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது, அவள் தோற்ற நாளை!

உங்கள் மீன்கொத்தியை உங்களுக்குத் தெரியும். தலைகீழாகப் பாய்ந்து ஆளோடு மேலே வருவதால் நீங்கள் வைத்த பெயர். மூன்று ஆண்டுக்கு முன் படகை இழுக்கும் கம்பிவடம் அவருடைய வலக்கையில் மூன்று விரல்களைக் கொண்டுபோயிற்று. அதன்பின் அவருக்குக் கயிற்றுக் கிடங்கில் வேலை. ஏரியில் கூக்குரல் கேட்கும். இவர் கிடங்கில் கயிறு சுற்றிக்கொண்டிருப்பார். அதைவிடக் கொடுமை உண்டா?

ஒருநாள் என் பேத்தியின் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"ஆக்சிலேட்டர் வலப்பக்கம் இருக்கும்மா. எனக்கு அந்தப் பக்கம் ரெண்டு விரல்தான் மிச்சம். ஒண்ணு நான் மாறணும், இல்ல வண்டி மாறணும்."

"வண்டியையே மாத்திடலாம்ணா. உங்களுக்கு உதிரிபாகம் கிடைக்காது."

சிரித்தாராம். இரண்டு ஆண்டுக்குப் பிறகு சிரித்தாராம்!

அவர் கையைக் களிமண்ணில் அழுத்தி அச்செடுத்தாள். வலப்பக்கத்துக்கு, இரண்டு விரல் பொருந்தி உட்காரும் பிடி. இடப்பக்கத்துக்கு, ஆக்சிலேட்டர் விசை. முதல் விசை தோலைக் கிள்ளிற்று. இரண்டாவது கனத்தது. மூன்றாவது, கைக்குள் கை வைத்ததுபோல் அமர்ந்தது. பிறகு அந்த விசையிலிருந்து எஞ்சினுக்குப் போகும் கேபிள். ஸ்டாண்டில் வண்டி நேராக நின்றது. கைப்பிடி நேராக இருந்தது. நேராக அளந்தாள், நறுக்கிப் பொருத்தினாள்.

அன்பர்களே, அந்த அளவில்தான் வினை உட்கார்ந்திருந்தது!

வேலை முடிந்ததே, அவர் மறுபடி மீட்பு வண்டி ஓட்டலாமா என்று பார்க்கும் தேர்வுக்கு முந்தைய மாலைதான். காலையில் கரையோரம் நேராக இருநூறு அடி ஓட்டிப் பார்த்தார்கள். வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போயிற்று. எல்லோரும் நின்று படம் பிடித்துக்கொண்டோம். தேர்வு அதிகாரி அம்மா வந்தார். கண்டிப்பானவர். "இது கடைசி வாய்ப்பு. இன்னைக்குத் தவறினா மீட்பாளர் பட்டியல்லேருந்து பேர எடுத்துடுவோம்" என்றார். மூன்று மிதவைகள். மூன்றாவதில் வலப்பக்கம் முழுசாகத் திரும்பினால், அங்கே மூழ்குகிறவனாக நடிக்கும் ஒருவன். அவனை இழுத்துவர வேண்டும்.

யார் அந்த ஒருவன்? என் கடைக்குட்டி! மூன்று தங்கம் வாங்கியவன், "ஐயோ காப்பாத்துங்க"வென்று நடிப்பு வராமல் தண்ணீரில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

வண்டி புறப்பட்டது. முதல் மிதவையில் கொஞ்சம் வலப்பக்கம் திரும்பியது. கூட்டம் கைதட்டிற்று. என் பக்கத்தில் நின்ற பேத்தி கைதட்டவில்லை. என் முழங்கையைப் பிடித்தாள்; நகம் பதிந்தது.

"பாட்டி, எஞ்சின் சத்தம் ஏறிச்சா?"

"எனக்கு என்னடி தெரியும்?"

"அவர் விசைய அழுத்தல பாட்டி. அது தானா ஏறுது. கைப்பிடியத் திருப்பினா கேபிள் இழுபடுது. நான் நேரா வச்சே அளந்துட்டேன்."

புரிகிறதா தாய்மார்களே? கொஞ்சம் திரும்பினால் கொஞ்சம் சீற்றம். முழுசாகத் திரும்பினால்? முழு வேகம்! எங்கே திரும்பப் போகிறார்? மூன்றாவது மிதவையில். அங்கே மிதப்பது யார்? இவள் தம்பி!

கத்தினாள். எஞ்சின் இரைச்சலில் யார் காதில் விழும்? இரண்டாவது மிதவை தாண்டியது. நான் குடையை ஆட்டினேன். வாழ்த்துகிறேன் என்று நினைத்து அவரும் தலையை ஆட்டினார்!

இவள் ஓடினாள். அதிகாரியின் கையிலிருந்த ஒலிபெருக்கியைப் பறித்தாள்.

"அண்ணா, கயித்த இழுங்க! திருப்பாதீங்க! நான் செஞ்ச பாகம் தப்பு! என் தப்பு!"

ஓட்டுகிறவரின் மணிக்கட்டில் சிவப்புக் கயிறு ஒன்று கட்டியிருக்கும். அதை இழுத்தால் எஞ்சின் நிற்கும். தேர்வும் நிற்கும். கயிறு சுற்றிய இரண்டு ஆண்டும், திரும்பிவந்த சிரிப்பும், பட்டியலில் ஒட்டிக்கொண்டிருந்த பெயரும், எல்லாம் அந்த ஒரு இழுப்பில் போகும். இழுப்பாரா? ஒரு நொடி அவர் கரையைப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் நான் கும்பிடாத சாமி இல்லை.

இழுத்தார்!

இரைச்சல் அறுந்தது. வண்டி திரும்பாமல், மிதவையைத் தாண்டி நேரே வழுக்கிப்போய் நின்றது. அடுத்த கணம் மீன்கொத்தி பாய்ந்தார், தலைகீழாக! ஏழு விரலோடு நீந்திப்போய், என் பேரனை அக்குளில் கைகொடுத்துக் கரைக்கு இழுத்துவந்தார். "எனக்கு நீந்தத் தெரியும்ணா" என்றான் அவன். "வாய மூடுடா, நீ மூழ்கிட்ட" என்றார் அவர்.

கரையேறியதும் என் பேத்தி முன் வந்து நின்றார். இவள் முகத்தில் ஈயாடவில்லை.

"ஊரே கேக்க, என் தப்புன்னு மைக்குல சொன்னியே. வெக்கமா இல்ல?"

"இருந்துச்சுண்ணா."

"அப்ப நீ பாகம் போட்ட வண்டியில இன்னொரு தடவையும் ஏறுவேன்."

அதிகாரி அம்மா நேரே வண்டியிடம் போனார். வண்டியைக் கரைக்கு இழுத்து, எஞ்சினை ஓடவிட்டு, தன் கையாலேயே கைப்பிடியை வலப்பக்கம் முழுசாகத் திருப்பினார். யாரும் விசையைத் தொடவில்லை, எஞ்சின் அலறிற்று. ஏட்டில் எழுதினார்: 'தோற்றது வண்டி. ஆள் அல்ல.' மூன்று வாரத்தில் மறுதேர்வு.

அந்த மூன்று வாரமும் பட்டறையில் என்ன நடந்தது? கேபிள் நீளமாயிற்று, அது போகும் வழி மாறிற்று. கைப்பிடியை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நானூறு முறை திருப்பினாள். எண்ணியவள் நான். ஐந்தாம் வகுப்புக் கணக்கு அதற்குப் போதும்! நானூறிலும் எஞ்சின் சத்தம் ஏறவில்லை. மறுதேர்வில் மீன்கொத்தி தேறினார். போன மாதம் கவிழ்ந்த படகிலிருந்து இரண்டு உயிரை அதே வண்டியில் கொண்டுவந்தார். அந்த இருவரும் இதோ, நான்காவது வரிசையில் இருக்கிறார்கள். எழுந்து நில்லுங்கள் கண்ணுகளா! தட்டுங்கள் கையை!

நேராக நிற்கும்போது எந்த வண்டிதான் ஒழுங்காக நிற்காது? நேராகப் போகும்போது எந்த மனிதன்தான் நல்லவனாகத் தெரியமாட்டான்? திருப்பத்தில் தெரியும் கேபிளின் நீளம்! திருப்பத்தில் தெரியும் மனத்தின் நீளம்! என் பேத்தி திருப்பத்துக்கு முன்னே சொன்னாள். சொன்னதால் ஒரு தேர்வு போயிற்று. சொல்லாமல் விட்டிருந்தால், அந்த மூன்று பதக்கத்தையும் நான் எந்தக் கண்ணால் பார்த்திருப்பேன்?

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்ட தலைவருக்கும் என் நன்றி. வந்த வழியே நலமாய்ப் போய்ச் சேருங்கள். ஒரே ஒரு விண்ணப்பம். குழுவின் கைபேசிப் பக்கத்தில் முதல் தேர்வு நாள் காலையில் பிடித்த அந்தப் பழைய படம்தான் இன்னும் கிடக்கிறது. அதில் வண்டியில் இருப்பது தப்பான கேபிள். மீன்கொத்தி வலக்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கிறார். அதை எடுத்துவிட்டு இன்றே புதுப் படம் ஒன்று போடுங்கள். அவருடைய இரண்டு கையும் வண்டியில் இருக்கட்டும். கைப்பிடி, முழுசாகத் திரும்பியிருக்கட்டும்.