தக்காளி வரிசையில் பை பிடித்தவர்

மேடையில் இருக்கும் அறக்கட்டளைத் தலைவர் ஜம்புலிங்கம் ஐயா அவர்களே, டாக்டர் உமா மகேஸ்வரி அவர்களே, முன்வரிசையில் மனைவி பிரிஸ்கில்லாவை இழந்து அமர்ந்திருக்கும் அருள்நாதன் அண்ணன் அவர்களே, அபர்டீன் பஜாரில் கடையைப் பாதியில் அடைத்துவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். நான் கௌதம். நம் மகளிர் முகாம்களில் மார்பகப் பரிசோதனை மெஷினைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர். நீட்டிப் பேச எனக்கு வராது. நேரமும் இல்லை. நாளை காலை, தீவுகளின் தென்கோடியில் இருக்கும் கேம்பல் பே ஊருக்குக் கப்பல்.

போன வாரம் மாரடைப்பில் நம்மை விட்டுப் போன மக்கள் தொடர்பு அதிகாரி திருமதி பிரிஸ்கில்லா அவர்களை, எனக்கு முன் பேசியவர்கள் தியாகச் சுடர் என்றார்கள். அக்கா கேட்டிருந்தால் சிரித்திருப்பார். அவர் செய்தது வியாபாரம். பரிசோதனை என்ற சரக்கை, வேண்டாம் என்று ஓடும் பெண்களிடம் விற்றார். அப்படி விற்கத் தெரிந்தவர் நம்மில் வேறு யார்?

கேம்பல் பேயில் நம் முதல் முகாம் நினைவிருக்கிறதா? ரோஸ் கலர் பலூன், சிறப்பு விருந்தினர், ‘புற்றுநோய் பரிசோதனை’ என்று பெரிய பேனர். யார் வந்தார்கள்? எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில், அந்த எழுத்துக்குக் கீழே எந்தப் பெண் வந்து நிற்பாள்? எட்டிப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். அக்கா பேனரை அவிழ்த்தார். வெள்ளைப் பின்பக்கம் வெளியே தெரியும்படி உள்ளே திரையாகக் கட்டினார். இன்றும் அதுதான் எங்கள் திரை.

பிறகு என்னிடம் சொன்னார்: “இஞ்சினியரே, கப்பல் வந்து காய்கறி எறங்குற அன்னைக்குக் கேம்ப்ப வையும். அன்னைக்குத்தான் பொம்பளைங்க வீட்ட விட்டு வெளிய வருவாங்க.”

அப்படியே வைத்தோம். காய்கறிக் கடைக்குப் பக்கத்து அறையில் மெஷின். வரிசையில் அக்கா. தக்காளி தீர்ந்துவிடும், வரிசையை விட்டு எப்படி வருவது என்று தயங்கிய ஒவ்வொரு பெண்ணின் பையையும் வாங்கிக்கொண்டார். “ஒன் எடத்துல நான் நிக்கேன். போய்க் காட்டிட்டு வா, தாயி. தக்காளி எங்கயும் போவாது.” ஒரு கையில் நாலு பை, மறு கையில் அஞ்சு பை. யாருடைய முறை வந்தாலும் நல்ல தக்காளியாகப் பொறுக்கி வைப்பார். அதற்காகவே வந்தவர்களும் உண்டு.

நம் துறையில் இதற்கு ‘அவுட்ரீச்’ என்று பெயர் வைத்து ஸ்லைடு போடுகிறார்கள். எத்தனை ஸ்லைடு ஒரு பையைப் பிடிக்கும்?

சற்று முன் தலைவர் அவர்கள், துக்கத்தை முன்னிட்டு நாளைய பயணத்தைத் தள்ளிவைப்பதாகவும், பஜாரில் அக்கா படத்தோடு பேனர் வைப்பதாகவும் அறிவித்தார். மன்னிக்க வேண்டும், ஐயா. துக்கம் தள்ளி நிற்கும். கட்டி தள்ளி நிற்குமா? பேனரைப் பற்றி அக்காவின் கருத்து என்ன என்பது அந்தத் திரைக்குத் தெரியும்.

கேம்பல் பேயில் ஒரு பெண்மணி இருக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டேன். பெயர் வெளியே வராது என்று நம்பித்தான், மார்பில் கட்டி இருப்பதைப் பிரிஸ்கில்லா அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தார். உள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போனால் தெருவுக்கே தெரிந்துவிடும் என்று பயம். அடுத்த கப்பலில் மெஷின் வரும்போது வந்து காட்டுகிறேன் என்றிருந்தார். அந்தக் கப்பல்தான் நாளைக்குக் கிளம்புகிறது.

அக்காவின் முகாம் போன் இப்போது என்னிடம் இருக்கிறது. நேற்று அந்தப் பெண்மணி அதில் அழைத்தார். முதலில் அழுதார். பிறகு கேட்டார்: “தம்பி, கப்பல்ல மெஷின் வருதா? பக்கா தானே? வந்தா, லைன்ல என் பைய யாரு புடிப்பா?”

தள்ளிவைக்கும் செய்தி அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வேறு எதுவும் சொல்லியிருக்க மாட்டேன். மெஷின் வரும், பையை நான் பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மெஷின் பெட்டி கப்பல் துறைக்குப் போய்விட்டது, தலைவர் அவர்களே. டாக்டரும் நர்சும் ஏறினால் போதும். எனக்கு நல்ல தக்காளி பொறுக்கத் தெரியாது. போய்த்தான் கற்றுக்கொள்ள வேண்டும். வணக்கம்.