முன்னூற்றுப் பன்னிரண்டு காலி ஆகவில்லை

– கதவைத் திறம்மா. தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டு உள்ளயே உட்கார்ந்திருந்தா என்ன அர்த்தம்?

– திறக்கிற எண்ணம் இல்லைன்னு அர்த்தம், வார்டன் சார்.

– ஏம்மா முன்னூத்திப் பன்னண்டு, விளையாடுறியா? செமஸ்டர் முடிஞ்சு போச்சு. கீழ ரெண்டு மாடியும் காலி. இந்த வராந்தாவுல உன் அறை ஒண்ணுதான் பாக்கி. ஏர்போர்ட் போற பஸ் வாசல்ல இன்ஜினைப் போட்டுக்கிட்டு நிக்குது.

– நிக்கட்டும் சார். டீசல் அவங்களோடது.

– நான் சொல்றதைக் கேளு. இன்னிக்கு ஹாஸ்டல் மூடுற நாள். தண்ணியை நிறுத்தணும், கரண்டை நிறுத்தணும், ஒவ்வொரு கதவுக்கும் சீல் வைக்கணும், சாவிக்கொத்தைக் கொண்டுபோய் ஒப்படைக்கணும். அப்பத்தான் எனக்கு லீவு. என் பெட்டி கீழ தயாரா இருக்கு. என் வீட்டுக்காரி காலையிலேர்ந்து போன் மேல போன் போடுறா.

– அடுத்த தடவை போட்டாங்கன்னா, முன்னூத்திப் பன்னண்டு இன்னும் காலி ஆகலைன்னு சொல்லுங்க.

– வாய் மட்டும் காது வரைக்கும் இருக்கு. ஆமா, உள்ள யாரு இருமுறது?

– முன்னூத்திப் பன்னண்டுதான் சார்.

– பேசிக்கிட்டிருக்கும்போதேவா?

– இருமலுக்கு நேரம் காலம் தெரியுமா சார்? மணி என்ன ஆகுது?

– அஞ்சு அடிக்கப் போகுது. பரவாயில்ல, நேரத்தைப் பத்தி இப்பவாவது நினைப்பு வந்துச்சே. பாரும்மா, எல்லாரும் ஊருக்குக் கிளம்பியாச்சு. நீயும் போ. அம்மா கையால நாலு வேளை சாப்பிடு, நல்லா தூங்கு, லீவு முடிஞ்சதும் வா. யாரு வேண்டாம்னா?

– அதான் முடியாதுன்றேன். முன்னூத்திப் பன்னண்டோட விசா போன மாசம் முடிஞ்சு போச்சு.

– அதென்ன உன்னை நீயே நம்பர் போட்டுச் சொல்ற?

– நீங்க அப்படித்தானே சார் கூப்பிடுறீங்க.

– சரி சரி. இரு, விசா முடிஞ்சு போச்சா? அடப்பாவமே! அப்போ நீ இங்க இருக்கிறதே குத்தமாச்சே! என் ஹாஸ்டல்ல, என் மூக்குக்குக் கீழ! நாளைக்குப் போலீஸ் வந்தா நான்ல பதில் சொல்லணும்?

– பதறாதீங்க சார். விசாங்கிறது உள்ள வர்றதுக்கு. வந்தப்புறம், படிப்பு ஓடிக்கிட்டிருக்கிற வரைக்கும் இருக்கலாம். ஒரு குத்தமும் இல்ல. ஆனா ஒரு தடவை இந்த நாட்டை விட்டு வெளிய காலை வச்சாச்சுன்னா, திரும்ப வர புது விசா வேணும். நேர்காணலுக்குத் தேதி கிடைக்கவே மாசக்கணக்கு ஆகும். அதுக்குள்ள அடுத்த செமஸ்டரும் போயிடும், உதவித்தொகையும் போயிடும். போதாக்குறைக்கு நடுவுல துறை மாறின பொண்ணு. ஏன் மாறினே, எதுக்கு மாறினேன்னு நோண்டி நொங்கெடுப்பாங்க.

– இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?

– வெளிநாட்டு மாணவர் ஆபீஸ் மேடம். ஊருக்குப் போறவங்களுக்குன்னு ஒரு கூட்டம் போட்டாங்க. விசா தேதி முடிஞ்சவங்க தயவுசெஞ்சு எங்கயும் கிளம்பாதீங்கன்னு மைக்கைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சாத குறை. மறுநாள் காலையில நீங்க வந்து ஒவ்வொரு கதவுலயும் எல்லாரும் கிளம்புங்கன்னு ஒட்டிட்டுப் போறீங்க. உங்க கட்டடத்துக்கும் அவங்க கட்டடத்துக்கும் நடுவுல ஒரு சைக்கிள் ஸ்டாண்டுதான் சார் இருக்கு. ஒரு எட்டு போய் ஒருத்தரை ஒருத்தர் கேட்கக் கூடாதா?

– எனக்கு மேலேர்ந்து வந்த உத்தரவு. நான் ஒட்டினேன். இந்த நாட்டை விட்டுப் போகச் சொல்லலையே? ஹாஸ்டலை விட்டுத்தானே போகச் சொல்றேன். வெளிய ஒரு ரூம் எடுத்துத் தங்கிக்கோ.

– நூத்திமூணு டிகிரி காய்ச்சலோட தெருத்தெருவாப் போய் வீடு தேடணுமா? லீவு முடியிற வரைக்கும்னு சொன்னா எந்த வீட்டுக்காரர் சார் கதவைத் திறப்பாரு?

– காய்ச்சலா? மாத்திரை போட்டாச்சா?

– போட்டாச்சு.

– அதை முதல்லயே சொல்றதுக்கென்ன? சரி, அதுக்காக? சட்டம்னா சட்டம்மா. உனக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணுன்னு வைக்க முடியுமா?

– முன்னூத்தி நாலை நினைவிருக்கா சார்?

– இந்தப் பேச்சு இப்ப எதுக்கு?

– நினைவிருக்கான்னுதான் கேட்டேன்.

– எனக்கு எல்லா அறையும் நினைவிருக்கும்.

– முகம்?

– இத்தனை பேரையும் முகம் பார்த்து வச்சுக்க முடியுமா? ஆளு வரும், போகும். அறை அங்கயேதான் இருக்கும். நான் அறையைத்தான் வச்சுக்குவேன்.

– போன வருஷம் இதே மாதிரி மூடுற நாள். போயிட்டு வரலாமா சார்னு முன்னூத்தி நாலு உங்ககிட்டதான் வந்து கேட்டா.

– கேட்டா.

– நீங்க என்ன சொன்னீங்க?

– போயிட்டு வாம்மான்னேன். வேற என்ன சொல்லுவாங்க? ஊருக்குப் போற பொண்ணைப் போகாதேன்னா சொல்லுவாங்க? அவ பெட்டியை நானே தூக்கிக்கிட்டுப் போய் பஸ்ல வச்சேன்.

– வந்தாளா?

– பைப் வேலைக்காரங்க கீழ காத்துக்கிட்டிருக்காங்கம்மா.

– வந்தாளா சார்?

– வரலை. போதுமா? வரலை. அவ சைக்கிள் இன்னும் ஸ்டோர் ரூம்லதான் நிக்குது. மாசாமாசம் நான்தான் காத்தடிச்சு வைக்கிறேன். திடீர்னு வந்து நின்னு, என் சைக்கிள் எங்கன்னு கேட்டா?

– அவ கேட்க மாட்டா சார். திரும்ப விசா கிடைக்காம ஊர்லயே ஒரு கடையில கணக்குப் பார்த்துக்கிட்டிருக்கா. பாதிப் படிப்பு.

– எனக்கு என்னம்மா தெரியும்? விசா எது, வெங்காயம் எதுன்னு நான் எந்தக் கூட்டத்துல போய் உட்கார்ந்தேன்? இரு, யாரோ படியேறி வர்றாங்க. அப்பாடா, உங்க மேடம்தான். வாங்க மேடம், வாங்க. நீங்களாச்சு, உங்க பொண்ணாச்சு.

– ஏன் வார்டன், லிஃப்ட்டையும் நிறுத்தியாச்சா? மூணு மாடி ஏறி எனக்கு மூச்சு முட்டுது. யாரு உள்ள?

– முன்னூத்திப் பன்னண்டு. நீங்க போகாதேன்னு சொன்னீங்களாம். கதவைத் திறக்க மாட்டேங்குது.

– நான் எல்லாரையும் போகாதேன்னு சொல்லலை. விசா தேதி முடிஞ்சவங்க, துறை மாறினவங்க, இவங்க மட்டும் அவசரப்பட வேண்டாம்னேன். சரியா? மத்தவங்க எங்கிட்ட வந்து பயணத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கிட்டு ஜம்முனு போயிட்டு வரலாம். கண்ணு, உள்ள இருக்கிறது கேட்குதா?

– கேட்குது மேடம். போகக் கூடாதவங்க அப்போ எங்க தங்கணும்?

– அது வந்து, தங்குறது ஹாஸ்டல் சம்பந்தப்பட்ட விஷயம்.

– வார்டன் சார், உங்களைச் சொல்றாங்க.

– விசா ஆபீஸ் சம்பந்தப்பட்ட விஷயம் மேடம். என் தலையில கட்டாதீங்க.

– அழகா இருக்கு. நீங்க அவர் பக்கம் தட்டுங்க, அவர் உங்க பக்கம் தட்டட்டும். நடுவுல உருள்றது ஒரு பொண்ணோட படிப்பு.

– கண்ணு, உன் குரல் எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே. போன வாரம் நீ எங்கிட்ட வந்து...

– எல்லாரும்தான் வந்தோம் மேடம். மணி என்ன?

– அஞ்சேமுக்கால். நீ எதுக்கு மணியைக் கேட்டுக்கிட்டே...

– மேடம், நீங்க ஏதாவது செய்வீங்களா, மாட்டீங்களா? அதைச் சொல்லுங்க முதல்ல.

– பதிவாளர்கிட்ட கேட்கலாம். அவர் ஒரு வார்த்தை சொன்னா இந்த மாடியை மட்டும் திறந்து வைக்கலாம்.

– அவரு நேத்தே குடும்பத்தோட ஊருக்குப் போயிட்டாரு மேடம். என்னைத்தான் டாக்சி பிடிச்சுத் தரச் சொன்னாரு.

– அவர் போகலாம். அவருக்குத் திரும்பி வர யாரும் விசா கேட்க மாட்டாங்க.

– ஏம்மா, பெரியவங்களை அப்படிப் பேசாதே.

– பேசுவேன் சார். பயந்து பயந்து பேசித்தான் முன்னூத்தி நாலு கடையில உட்கார்ந்திருக்கா. காய்ச்சல்ல கிடக்கிற ஒருத்தியைப் பெட்டியோட தெருவுல நிறுத்துறதுக்குப் பேரு உத்தரவா? நான் இந்தக் கதவைத் திறக்க மாட்டேன். தண்ணியை நிறுத்துங்க, வாளியில பிடிச்சு வச்சிருக்கேன். கரண்டை நிறுத்துங்க, கம்பளி இருக்கு. கதவை உடைக்கிறதுன்னா உடைங்க. மேடம் பக்கத்துலதான் இருக்காங்க, வேடிக்கை பார்க்கட்டும்.

– நான் ஏன் கண்ணு வேடிக்கை பார்க்கிறேன்? எனக்கு மட்டும் வயித்தெரிச்சல் இல்லையா? வருஷா வருஷம் மைக்கைப் பிடிச்சுப் போகாதீங்க, போகாதீங்கன்னு கத்துறேன். கூட்டம் முடிஞ்சதும் ஒரு பொண்ணாவது வந்து, அப்போ நாங்க எங்க இருக்கிறதுன்னு கேட்கும். பார்க்கலாம்மான்னு சொல்லிட்டு விளக்கை அணைச்சிட்டுப் போயிடுவேன்.

– இன்னிக்குப் பாருங்க மேடம்.

– மேடம், நீங்க கொஞ்சம் தள்ளுங்க. பாரும்மா முன்னூத்திப் பன்னண்டு, எனக்கு உன் மேல கோபம் இல்ல. ஆனா பூட்டாம நான் கணக்கு முடிக்க முடியாது. கதவைத் திறக்க மறுத்ததுன்னு புகார் எழுதினாத்தான் என் தலை தப்பும். அறை எண்ணைப் போட்டு ரெண்டே வரி. எழுதிட்டு நான் கிளம்புறேன். அப்புறம் நீயாச்சு, தண்ணியில்லாத அறையாச்சு.

– ஐயையோ, எழுதாதீங்க வார்டன்! ஒழுங்கு நடவடிக்கைன்னு ஒரு வரி இருந்தாப் போதும், அவ படிப்பு நிக்கும். படிப்பு நின்னா இங்க இருக்கிற உரிமையே போயிடும். விசா இல்லாதவளுக்கு அதுதானே மிச்சம்? சரியா? தெரிஞ்சே ஒரு பொண்ணை விமானத்துல ஏத்தி அனுப்புற மாதிரி ஆயிடும்.

– நான் என்ன பண்றது மேடம்? எழுதாம விட்டா என்னை வீட்டுக்கு அனுப்புவாங்க. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு.

– சார், மணி என்ன?

– இன்னும் என்னம்மா மணி, மணின்னு? ஆறேகால். பஸ்ஸும் போயிடுச்சு.

– ஆறேகால். சரியாத்தான் பார்த்தீங்களா?

– சுவர்க்கடிகாரம் பொய் சொல்லுமா?

– அப்போ எழுதுங்க சார்.

– என்னது?

– கண்ணு, உனக்கென்ன பைத்தியமா? எழுதச் சொல்ற!

– எழுதட்டும் மேடம். ஆனா யாரு மறுத்தாங்கன்னு சரியா எழுதணும். சார், இவ்வளவு நேரமா இந்தக் கதவுக்குப் பின்னாடி ஒருத்தி இருமிக்கிட்டே இருக்கா, இன்னொருத்தி பேசிக்கிட்டே இருக்கா. ரெண்டும் ஒருத்திதான்னு நீங்களா முடிவு பண்ணிக்கிட்டீங்க.

– அப்போ உள்ள ரெண்டு பேரா?

– இந்தக் குரல்! நினைச்சேன். போன வாரம் கையெழுத்து வாங்கிட்டு, ரெண்டு வருஷம் கழிச்சு அம்மாவைப் பார்க்கப் போறேன் மேடம்னு துள்ளிக் குதிச்ச பொண்ணுதானே நீ? உனக்கு இன்னிக்குச் சாயங்காலம்ல விமானம்?

– ஏழு மணிக்கு மேடம். ஆறுக்கே ஏர்போர்ட்ல கவுன்ட்டரை மூடியிருப்பாங்க. இனிமே என்னை எந்த பஸ்ல தூக்கிப் போட்டாலும் பிரயோஜனம் இல்ல. அதுக்குத்தான் மணி கேட்டுக்கிட்டிருந்தேன்.

– உங்க அம்மா?

– காலையிலேயே சொல்லிட்டேன். முதல்ல திட்டினாங்க, அப்புறம் அழுதாங்க. கடைசியில, அந்தப் பொண்ணு ஏதாவது சாப்பிட்டாளான்னு கேட்டாங்க.

– அப்போ நீ யாரும்மா? எந்த அறை?

– கீழ நூத்தி அஞ்சு சார். காலையில சாவியைக் குடுத்துட்டுப் பெட்டியோட போனேனே, நல்லபடியா போயிட்டு வாம்மான்னு நீங்ககூட வாசல்ல நின்னு கையாட்டினீங்க. பின்பக்க மாடிப்படி வழியா திரும்பி வந்தேன். என் விசாவுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு, நான் துறையும் மாறலை. என் பேர்ல எத்தனை புகார் வந்தாலும் திட்டு வாங்கிக்கிட்டு இங்கயே இருப்பேன். எழுதிக்கோங்க சார்: முன்னூத்திப் பன்னண்டு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை, பெட்டியைக் கட்டிக்கிட்டுக் கிளம்பத்தான் பார்த்தா, நூத்தி அஞ்சுதான் தாழ்ப்பாளைப் போட்டு அவளை வெளிய விடலை.