நூத்தி எழுபதுக்கு நூத்திப் பத்து

— சுப்பராயண்ணே, போன வச்சிராதீங்க. ஆஸ்பத்திரில இருந்து நர்ஸ் மகிமாதான் பேசுதேன். காலைல உங்க பிரஷர் நூத்தி எழுபதுக்கு நூத்திப் பத்து.

— மிஷினு பேஜாரு பண்ணுதும்மா. நான் சாத்தாங்காட்ல கிரேன் மேல குந்திகினு கீறேன். சோக்கா கீறேன்.

— நாங்க வீட்டுக்குக் குடுத்த மிஷின்ல கோளாறு இல்லண்ணே. கைல கட்டுன ஒடனே போன் ஆப்புல எங்களுக்கு வந்துருதுல்லா? ரெண்டு தடவ கட்டிருக்கீங்க, ரெண்டும் கூடுதல். மொதல்ல கீழ எறங்குங்க.

— எறங்குனா மேஸ்திரி இன்னான்னு கேப்பாரு. பிரஷருன்னு தெரிஞ்சா நாளிக்கே கிரேன்ல ஏத்தமாட்டாரு.

— தலவலி இருக்கா? கண்ணு மங்குதா? காலு வீங்கிருக்கா?

— எனக்கு ஒண்ணியும் இல்ல.

— பெறவு எப்படி இம்புட்டு ஏறும்?

— ஏம்மா... தலவலி, கண்ணு மங்கல், காலு வீக்கம். மூணும் இருந்தா இன்னா ஆவும்?

— யாருக்குண்ணே?

— திட்டாதம்மா. என் கைல கட்னா ஜாஸ்தி காட்டும், வேல பூடும்னு, மூணு வாரமா எம் பொண்ணு மதி கைல கட்டிகினு கீறேன். அதுவும் சிரிச்சிகினே கைய நீட்டும்.

— மதிக்கு என்ன வயசு?

— இருவத்திநாலு. பிரசவத்துக்கு நம்ம வூட்டுக்கு வந்துகீது. எட்டு மாசம்.

— யேசுவே! இப்ப அவ கூட யாரு இருக்கா?

— யாருமில்ல. எம் பொஞ்சாதி கெங்கம்மா காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போச்சு. தலவலிக்குதுப்பான்னு மதி சொல்லுச்சு. தூங்குனா சரியாப்பூடும்னுட்டு நான் வந்துட்டேன்.

— வயித்துப்புள்ளக்காரிக்கு இந்த பிரஷர்ல வலிப்பு வந்துரும்ண்ணே. விம்கோ நகர் விலாசம் எங்கிட்ட இருக்கு, நூத்தியெட்ட அனுப்புதேன். பக்கத்து வீட்டுக்குப் போன் போடுங்க. ஒடனே!

*

— மகிமாம்மா, சுப்பராயன் பேசறேன். பக்கத்து வூட்டு நசீரு மதிய வண்டில ஏத்திட்டாரு. கண்ணு தொறந்துகீது, பேசுதாம். அவரும் கூடவே வந்துகினு கீறாரு.

— நல்ல வேள. இங்க பிரசவ டாக்டர் தயாரா நிக்காங்க. கொழந்தைக்கும் எல்லாம் எடுத்து வச்சாச்சு.

— நான் பண்ண தப்பு, மதி உசுருக்கே வந்துடப் பாத்துச்சு. கிரேன விட்டு எறங்கிட்டேன். பைக்க எடுத்துகினு பறந்து வந்துடறேன்.

— பைக்கத் தொடாதீங்கண்ணே! அங்கயே நெழல்ல உக்காருங்க, உங்களுக்கும் ஒரு வண்டி சொல்லுதேன். போன வாரம் டாக்டர் உங்க மாத்திரைய நிறுத்துனது, அப்ப சரியா இருந்த மதியோட பிரஷரப் பாத்துட்டுத்தான்.