அம்மா பாடிய சீடி

ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கங்காணியோடு எனக்கு ஒத்துவரவில்லை. வேலையை விட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பாதி வழியில் தானா ராத்தா ஊருக்குப் போகும் பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன். எனக்கு முன் இருக்கையில் ஓர் அண்ணனும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மடியில் ஒரு சீடி இருந்தது.

"அம்மா பாட்டு மட்டுந்தாண்ணே கம்ப்யூட்டர்ல ஏத்தினா டப்பு டப்புன்னு வெட்டுது."

"உன் கம்ப்யூட்டர் பழசு லா."

"வேற சீடி போட்டா சுத்தமா ஏறுதே. இதைத் தொடச்சுப் பாத்தேன், வேகத்தைக் கொறச்சுப் பாத்தேன், கூட்டாளி கம்ப்யூட்டர்லயும் போட்டேன். அதே எடத்துலதான் வெட்டுது."

"அப்ப சீடிதான் கெட்டுப்போச்சு."

"தானா கெட்டுச்சா? கோயில்ல அம்மா பாடினது இது ஒண்ணுலதான் இருக்கு. நீ கொண்டுபோய்க் காய்த் தோட்டத்துல குருவி வெரட்டத் தொங்கவிட்டிருக்க."

"சும்மாதானே கெடந்துச்சு. எனக்கு என்னா தெரியும்?"

"மேலயே அம்மா பேரு எழுதியிருக்கு. இனி அம்மா எழுந்து வந்தா பாடப் போகுது?"

அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"குருவியாச்சும் வராம இருந்துச்சா?"

"வந்துச்சு," என்றான்.

மறுநாள் காலை கியா பார்ம் என்ற ஊரில் ஒரு காய்த் தோட்டத்தில் வேலை கிடைத்தது. முதலாளி ஒரு சாக்கு நிறையப் பழைய சீடிகளும் கயிறும் கொடுத்து, பாத்திகளுக்கு மேலே கட்டச் சொன்னார். ஒவ்வொன்றின் மேலும் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கட்டினேன்.