அழித்த லைட்

“காருக்கு வேற ஸ்கேனர் எதுக்கு அத்தான்? எங்கிட்ட இருக்கதுதான் லைட்ட அணைக்குதுல்லா?”

குற்றாலத்தில் சாரல். அருவிக்குப் போகும் வரிசையில் எனக்கு முன்னால் உடம்பெல்லாம் எண்ணெய் வழிய ஒருவரும் அவர் மச்சினனும் நின்றார்கள்.

“ஸ்கேனர்னா கோளாறு என்னன்னு சொல்லணும்லே. எஞ்சின் லைட் எதுக்கு எரிஞ்சுதாம்?”

“அதப் பாக்கல. கோளாற அழிக்கவான்னு ஸ்கேனர் கேட்டுச்சு, அழிச்சிட்டேன்.”

“யார் வண்டில?”

“ஒங்க வண்டிலதான். காலைல அக்கா மலைப்பாதைல புனலூருக்குக் கெளம்பும்போது லைட்டப் பாத்துப் பயந்தா.”

அவர் பிளாஸ்டிக் உறையிலிருந்து போனை எடுத்தார். எண்ணெய் விரலுக்குத் திரை அசையவில்லை. துண்டில் துடைத்தார். துண்டிலும் எண்ணெய்.

“அவ பயம் போகட்டும்னுதான் அத்தான்...”

“லைட் எரிஞ்சிருந்தா அவ மலையேறியிருக்கவே மாட்டாளேலே.”