வல்லத்து மாமாவின் மாத்திரை

மேடையில் மின்விசிறிக் காற்றில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, கீழே வெயிலில் நிற்கும் மாணவிகளே, மங்கை டீச்சரின் குடும்பத்தாரே, வணக்கம்.

விலங்கியல் ஆசிரியை மங்கை அவர்களுக்குக் கோட்டைச் சாலை முழுக்க அஞ்சலி ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். அதில் அவர் படத்தைவிட நம் தலைமை ஆசிரியர் ராஜாராம் அவர்களின் படம் பெரிது. இருக்கட்டும், துக்கம் அவருக்கு அதிகம் போலும்.

யார் இந்த மங்கை? பனமலை மாணவி மஞ்சுவுக்கு விடாத காய்ச்சல், ஈறில் ரத்தம், கையெல்லாம் நீலத் திட்டு. பரீட்சை முடியட்டும் என்றார் அவள் தந்தை. "பரீட்ச அடுத்த வருசமும் வரும். பொண்ணு வருமா? கெளம்புங்க" என்று அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் பஸ் ஏற்றியவர் மங்கை. ரத்தப் புற்றுநோய்தான். சிகிச்சை முடித்த மஞ்சு இதோ முன்வரிசையில் நிற்கிறாள்.

அதே காய்ச்சலும் திட்டும் மங்கைக்கு வந்தன. ரத்தப் பரிசோதனையைப் பார்த்த மருத்துவர், ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம், இன்றே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள் என்றார். விடுப்பு கேட்டு நின்ற மங்கையிடம் தலைமை ஆசிரியர் என்ன சொன்னார்? அருகில் இருந்து கேட்டவன் நான்.

"இன்னா டீச்சர், இதுக்குப் போயி டென்ஷன் ஆவுறீங்க? வல்லத்துல எங்க மாமாவுக்கும் இதே பிளட் கேன்சர்தான். தெனம் மாத்திர போட்டுக்கினு மல்லாட்ட புடுங்குறாரு. பிராக்டிகல் முடிச்சிட்டுப் போங்க. பசங்களுக்கு வேற யாரு இருக்குறாங்க?"

பிள்ளைகள் என்றதும் மங்கை தங்கிவிட்டார்.

மாமா வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டு நன்றாக இருக்கட்டும். அவருடையது மெல்ல வளரும் வகை, மாத்திரைக்குப் பல ஆண்டுகள் அடங்கும். மங்கையுடையது நாளுக்கு நாள் பெருகும் வகை. இடுப்பெலும்பில் ஊசி செலுத்தி மஜ்ஜையை எடுத்துப் பார்த்துத்தான் மருத்துவர்களே வகையை உறுதி செய்கிறார்கள். நம் தலைமை ஆசிரியருக்கு ஊசி தேவைப்படவில்லை, நாற்காலியில் சாய்ந்தபடியே சொல்லிவிட்டார். எப்பேர்ப்பட்ட மேதையிடம் வேலை பார்க்கிறோம் நாம்!

பிராக்டிகல் சிறப்பாக நடந்தது. அது முடிந்து மங்கை மருத்துவமனைக்குப் போனபோது நுரையீரலில் கிருமி இறங்கியிருந்தது. கீமோவைத் தாங்க உடம்பில் தெம்பில்லை. என் வயிறு எரிகிறது, அதை இங்கே மறைக்கப் போவதில்லை.

மங்கையின் பெயரால் சொல்கிறேன். இனி இந்தப் பள்ளியில் யாருக்கு அந்தத் திட்டு தெரிந்தாலும் அன்றைக்கே பஸ் ஏற்றுவோம். யாரிடமும் அனுமதி கேட்க மாட்டோம்.

அடுத்து, தலைமை ஆசிரியர் தலைமையில் மௌன அஞ்சலியாம். ஐயா, அந்த மௌனத்தை நீங்கள் அன்றைக்கே கடைப்பிடித்திருக்கலாம்.